கப்போர்டுக்கு அடியில ஹாலஜனைக் கழட்டிட்டு எல்இடி போடப் போறியளா? பல்ப மட்டும் மாத்திராதிய, மேல இருக்க சோக்கையும் பாருங்க

எங்க வீடு பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல. 2012ல வீடு கட்டும்போது மாடுலர் கிச்சன் போட்டோம், அப்போ கப்போர்டுக்கு அடியில வட்ட வட்டமா ஆறு ஹாலஜன் லைட்டு பதிச்சுத் தந்தாவ. சிம்னிக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. ஒவ்வொண்ணும் 20 வாட், 12 வோல்ட்டுல எரியிற சின்ன பல்பு, சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், அடியில ரெண்டு ஊசிக் கால். ஜி4ன்னு அதுக்குப் பேரு. அந்த நேரத்துல பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன். பொன் மாதிரி வெளிச்சம்.

ஆனா சூடு இருக்கு பாத்தியளா, அதைத்தான் தாங்க முடியல. லைட்டுக்கு நேர் மேல உள்ள தட்டுல என்ன வச்சாலும் வெதுவெதுன்னு ஆயிரும். உடன்குடி கருப்பட்டி வாங்கி டப்பால போட்டு அங்கன வச்சிருந்தேன், பத்து நாளுல அடிக் கருப்பட்டி வேர்த்து இளகி டப்பாவோட ஒட்டிக்கிட்டு கரண்டி போட்டுக் கிண்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. மழைக்காலமா இருந்தா ஈரக்காத்துல இளகும்னு சொல்லலாம், இது பங்குனி வெயில்ல. தட்டைக் காலி பண்ணிப் பாத்தா வெள்ளை மைக்காவுல லைட்டு இருந்த எடத்துக்கு மேல மூணு எடத்துல பழுப்பு வளையம், தோசைக்கல்லுல தோசை தீஞ்சா ஓரத்துல ஒரு நிறம் வருமே அந்த நிறம். அன்னைக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. பலகை மேல இப்படின்னா உள்ள ஓடுற வயர் எப்படி இருக்கும்?

ஹாலஜன் பல்பு அப்படித்தான் வேலை செய்யும். உள்ள டங்ஸ்டன் கம்பி, கூடவே அயோடினோ புரோமினோ கொஞ்சம் அடைச்சிருப்பாவ. கம்பியில இருந்து ஆவியாப் போற டங்ஸ்டனைக் கண்ணாடியில படியவிடாம திரும்பக் கம்பிக்கே கொண்டு சேக்கணும்னா கண்ணாடிச் சுவரு 250 டிகிரிக்கு மேல சூடா இருந்தாத்தான் நடக்கும். சூடு அதுக்குக் கோளாறு இல்ல, அது பொழைக்கிறதே சூட்டுலதான். குடிக்கிற கரண்டுல பத்துல ஒம்பது பங்கு சூடாத்தான் போகுது. அடுக்களையில அடுப்பு எரியுது, வெளிய நம்ம ஊரு சித்திரை வெயிலு, அதுக்கு நடுவுல தலைக்கு நேர 120 வாட் ஹீட்டர் வச்ச மாதிரி. கைவிரலு பட்டா அந்த எண்ணெய்ப் பிசுக்கே போதும், அந்த எடத்துல கூடுதலா சூடேறி கண்ணாடி விரிசல் விட்டுரும். எங்க வீட்டுல ஒரு தடவை தாளிக்கும்போது கறிவேப்பிலைத் தண்ணி தெறிச்சு ஒண்ணு டப்புன்னு போச்சு, நல்லவேளை முன்னால கண்ணாடி மூடி இருந்துச்சு.

அதோட பல்பும் இப்போ சரியாக் கெடைக்கிறதில்ல. ஐரோப்பாவுல 2023 செப்டம்பரோட இந்த ஜி4 ஹாலஜனைப் புதுசா சந்தைக்கு விடுறதையே நிறுத்திட்டாவ. நம்ம ஊருக் கடைகள்லயும் கேட்டா "பழைய ஸ்டாக்கு ரெண்டு கெடக்கு"ம்பாவ. சரி மாத்திருவோம்னு முடிவு பண்ணேன். இனிமே நான் எழுதப்போறது, மூணு தடவை கடைக்கு நடந்து, ஆயிரம் ரூவாய்க்குப் பக்கத்துல வீணாக்கி, கடைசியா சரியா அமைஞ்சது எப்படின்னு.

மொத தடவை வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய லைட்டுக் கடைக்குப் போனேன். பேரு வேண்டாம். பழைய பல்பைக் காட்டுனதும் "இதுக்கு எல்இடிலயே இருக்கும்மா, அப்படியே புடுங்கிட்டு அப்படியே சொருகிருங்க"ன்னு 2.5 வாட் ஜி4 எல்இடி ஆறு கொடுத்தாவ, ஒண்ணு 90 ரூவா. நான் கேட்டேன், வேற எதுவும் மாத்த வேண்டாமான்னு. வேண்டவே வேண்டாம்னாவ.

வீட்டுல வந்து சொருகுனா, இடப்பக்கம் மூணும் கண்ணு சிமிட்டுது. சிமிட்டுதுன்னா டியூப்லைட்டு ஸ்டார்ட்டர் போன மாதிரி, படபடபடன்னு. வலப்பக்கம் மூணும் எரியவே இல்ல. மேல இருந்து "ங்ங்"குன்னு ஒரு இரைச்சல். பல்புதான் கோளாறுன்னு நெனச்சு மாத்தி மாத்திச் சொருகிப் பாத்தேன். அதுல ஒரு சங்கதி தெரிஞ்சுது. இடப்பக்கம் ஒரு எடத்துல மட்டும் பழைய ஹாலஜனைத் திருப்பி மாட்டுனேன், உடனே பக்கத்துல இருந்த ரெண்டு எல்இடியும் ஆடாம அசையாம நின்னு எரியுது! ஹாலஜனைக் கழட்டுனா மறுபடி படபட. எனக்கு ஒண்ணும் புரியல. கடைக்குப் போன் போட்டா "உங்க வயரிங் கோளாறும்மா, பல்பு கழட்டி மாட்டிட்டா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்"ன்னுட்டாவ. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். வயரிங்ல ஒரு கோளாறும் இல்லன்னு பிறகுதான் தெரிஞ்சுது. விக்கிறவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும், "மேல என்ன சோக்கு போட்டிருக்கு"ன்னு.

மேலப்பாளையத்துல இருந்து ஒரு வயரிங் தம்பி எங்க தெருவுக்கு வேலைக்கு வருவாரு, அவரைக் கூப்பிட்டேன். வந்தவரு பல்பைத் தொடவே இல்ல. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஏணி போட்டு கப்போர்டுக்கு மேல கையை விட்டு, சோப்புக்கட்டி அளவுல ஒரு வெள்ளை டப்பாவை இழுத்து எடுத்தாரு. அதைத்தான் எல்லாரும் சோக்குன்னு சொல்லுதோம், சரியான பேரு எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மர். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக் குறைச்சுக் கொடுக்கும். தூசியைத் துடைச்சிட்டு டார்ச் அடிச்சு என்கிட்ட காட்டுனாரு. பொடி எழுத்துல "20-60 வாட்"ன்னு போட்டிருக்கு.

"அக்கா, 60க்கு மேல போட்டா எரிஞ்சிரும்னு எல்லாருக்கும் தெரியும். இந்த 20ஐ யாரும் பாக்க மாட்டாங்க. இதுக்கு 20 வாட்டாவது வேலை கொடுத்தாத்தான் ஓடும், அதுக்குக் கீழ போனா படுத்துக்கிடும். நீங்க மாட்டிருக்கது ரெண்டரையும் ரெண்டரையும் ரெண்டரையும் ஏழரை வாட்டு. படுத்து எந்திச்சு படுத்து எந்திச்சு நிக்கி, அதான் சிமிட்டுது."

அப்பத்தான் அந்த ஹாலஜன் விஷயம் எனக்கு வெளங்குச்சு. ஒரு ஹாலஜன் 20, ரெண்டு எல்இடி அஞ்சு, ஆக 25 வாட்டு, 20ஐத் தாண்டிருச்சு, அதனால நின்னு எரிஞ்சுது. வயரிங் கோளாறும் இல்ல ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் சொன்னாரு. அந்த டப்பால இருந்து வாரது 12 வோல்ட்டுன்னாலும் சாதாரண கரண்டு இல்லியாம். வீட்டுக்கு வார ஏசி கரண்டு முன்னயும் பின்னயுமா நொடிக்கு 50 தடவை மாறும், இது பல ஆயிரம் தடவை மாறுற ஏசி கரண்டு. ஹாலஜன் கம்பிக்கு அதெல்லாம் கவலை இல்ல, எதைக் கொடுத்தாலும் சூடாகி எரியும். எல்இடிக்கு வேண்டியது ஒரே பக்கமா ஓடுற டிசி. ஜி4 எல்இடி பல்புல ஏசி/டிசின்னு போட்டிருந்தா உள்ளேயே மாத்திக்கிற சாமான் இருக்கும், ஆனா இவ்வளவு வேகமா மாறுற கரண்டுல அதுவும் சூடேறி சீக்கிரம் போயிருமாம். நாடா மாதிரி நீளமா ஒட்டுற எல்இடி ஸ்ட்ரிப் லைட்டை இதுல கொடுக்கவே கூடாது. பழைய காலத்து இரும்பு டிரான்ஸ்பார்மரா இருந்தா, கையில தூக்குனா நல்ல கனம் தெரியும், அதுல ஏசி/டிசி எல்இடி பல்பை மாட்டுனா பெரும்பாலும் பிரச்சினை இல்லாம எரியும்னாரு. எங்க வீட்டுல இருந்தது இலவம்பஞ்சு மாதிரி இருந்துச்சு.

அதனால வாங்கப் போற யாரா இருந்தாலும் சரி, மொத வேலை மேல ஏறி அந்த டப்பாவுல என்ன எழுதிருக்குன்னு பாருங்க. மெயினை ஆஃப் பண்ணாம கை விடாதிய. போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க. அதோட பழைய பல்பையும் கொண்டு போங்க, ஏன்னா ஜி4க்கு ஊசி இடைவெளி 4 மில்லி, ஜி9ன்னு ஒண்ணு இருக்கு அது 9 மில்லி, அது நேரா 230 வோல்ட்டு. பேரு கிட்டக்கிட்ட இருக்குன்னு மாத்தி வாங்கிராதிய.

சரி, அந்த டிரான்ஸ்பார்மரைக் கழட்டிட்டு எல்இடிக்கு 12 வோல்ட் டிசி கொடுக்கிற டப்பா, அதுக்கு டிரைவர்னு பேரு, அதைப் போட்டுத்தான் ஆகணும்னு ஆயிப்போச்சு, அப்போ எதுக்குப் பழைய வட்ட லைட்டையே புடிச்சுத் தொங்கணும், ஸ்ட்ரிப்பே போட்ருவோமேன்னு எங்க வீட்டுக்காரவுக சொன்னாவ. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. வட்ட லைட்டுல வெளிச்சம் மூணு எடத்துல கொட்டும், நடுவுல நிழல். காய் வெட்டும்போது நம்ம கையோட நிழலே கத்தி மேல விழும். நீளமா ஒரே கோடா வந்தா அந்த நிழல் இருக்காது.

இதுலயும் அவசரப்பட்டேன். அதே கடையில 5 மீட்டர் ரோலு 450 ரூவான்னு வாங்கி, சும்மா கொஞ்ச நாளைக்குன்னு ஒரு அடாப்டர்ல கொடுத்து பின்னால உள்ள பசையிலேயே ஒட்டுனோம். ரெண்டு கோளாறு. ஒண்ணு, பத்தாம் நாளு பசை விட்டு பாம்பு மாதிரி தொங்குது. பன்னெண்டு வருஷத் தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு பலகையில இருக்கும்போது எந்தப் பசைதான் நிக்கும். இன்னொண்ணுதான் பெரிசு. நிறம். அது 6500 கெல்வின், கூல் ஒயிட்டு. கெல்வின்னா வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்லுற எண்ணு, கூடக் கூட நீலம், குறையக் குறைய மஞ்சள். போட்டதும் "ஆகா என்ன பளிச்சுன்னு இருக்கு"ன்னு எல்லாருமே சொன்னோம். மறுநாள் ஞாயித்துக்கிழமை சொதி வச்சேன்.

சொதி எப்படி இருக்கணும்னு நம்ம ஆளுகளுக்குச் சொல்ல வேண்டாம். தேங்காப்பால் அந்த மெல்லிசான சந்தன வெள்ளையில, நடுவுல கேரட்டும் பீன்ஸும் தெரிய, மேல எண்ணெய் லேசா மினுங்கணும். எங்க அம்மை வந்து சட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "ஏட்டி, இது என்ன சொதி நீலம் பாரிச்சுக் கெடக்கு, பால் திரிஞ்சு போச்சா?"ங்காவ. எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆயிருச்சு. கரண்டில எடுத்து ஹால்ல ஜன்னல் வெளிச்சத்துல கொண்டு போய்ப் பாத்தா ஒண்ணும் இல்ல, அருமையா இருக்கு. லைட்டுதான் அப்படிக் காட்டுது. அதுக்குப் பிறகு கவனிச்சுப் பாத்தா எல்லாமே அப்படித்தான். மொளகா வத்தல் காவி கலந்த மாதிரி மங்கலா இருக்கு, சின்ன உள்ளி வதக்கும்போது பொன்னிறம் எப்ப வந்துச்சுன்னே தெரியல, ரெண்டு தடவை கருக்கிட்டேன். இஞ்சித் தொவையல் பாக்கவே புடிக்கல.

இதுக்குக் காரணம் என் மகன் காலேஜ்ல படிக்கான், அவன் சொன்னான். வெள்ளை எல்இடிக்குள்ள இருக்கது வெள்ளை லைட்டே இல்லியாம், நீல லைட்டு. அது மேல மஞ்சளா ஒரு பாஸ்பர் பூச்சு பூசி, நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாத் தெரியுது. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடிச்சதுக்குத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரான்னு ஜப்பான்ல பொறந்த மூணு பேருக்கு 2014ல நோபல் கொடுத்தாவ. கூல் ஒயிட்டுல நீலம் தூக்கலா இருக்கும், வார்ம்ல பூச்சு கூட. சிவப்பு சரியா வரலன்னா வத்தலும் தக்காளியும் செத்துப் போன மாதிரி இருக்கும். அதை அளக்க சிஆர்ஐன்னு ஒரு எண்ணு வச்சிருக்காவ, ஹாலஜனுக்கு அது 100க்கு 100, சாதாரண எல்இடிக்கு 80, நல்லதா இருந்தா 90க்கு மேல. பன்னெண்டு வருஷம் நூத்துல பாத்துப் பழகுன கண்ணு, அதான் அம்மைக்கு உடனே தெரிஞ்சிருக்கு.

மூணாவது தடவை, ஆனித் தேரோட்டம் முடிஞ்ச மறுவாரம், டவுனுக்குப் போனேன். நெல்லையப்பர் கோயில் பக்கம் ரத வீதியில இருந்து உள்ள போற சந்துல ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கடை, வயரிங் தம்பிதான் சொல்லிவிட்டாரு. நாலு பேரு நின்னா அஞ்சாவது ஆளு வெளிய நிக்கணும், அவ்வளவுதான் கடை. இந்த ரிவ்யூ எழுதுறதே அந்த அண்ணாச்சிக்காகத்தான், பேரு போடட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்மா கூட்டம் சேந்தா நின்னு பேச முடியாதுன்னுட்டாவ.

நான் ஒரு பையில நாலு மொளகா வத்தல், ஒரு துண்டு மஞ்சக்கிழங்கு, ஒரு கை முருங்கக்கீரை, ஒரு சின்ன டப்பால அரிசி கொண்டு போயிருந்தேன். சொல்லக் கூச்சமாத்தான் இருந்துச்சு. அண்ணாச்சி பாத்துட்டு "இப்படித்தான் வாங்கணும்"னு சொல்லி, மேசையில கெடந்த சாமானை ஒதுக்கி ஒரு வெள்ளைத் தாளை விரிச்சு எல்லாத்தையும் வரிசையா வச்சாவ. கடை லைட்டை அணைச்சிட்டு, ஒரு டிரைவர்ல துண்டு துண்டா ஸ்ட்ரிப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டுனாவ. 6500ல முருங்கக்கீரை நல்ல பச்சையாத் தெரியுது, வத்தல் செத்துக் கெடக்கு. 4000ல அரிசி சுத்தமாத் தெரியுது, ஒரு கருப்பரிசி கெடந்தா பளிச்சுன்னு கண்ணுல படுது, வத்தல் பரவாயில்ல. 3000ல சாதாரணமா ஒண்ணு வச்சாவ, எல்லாமே மஞ்சப்பூசுன மாதிரி, மஞ்சக்கிழங்குக்கும் தாளுக்கும் வித்தியாசம் கம்மியா இருக்கு. பிறகு அதே 3000ல சிஆர்ஐ 90ன்னு அட்டைப்பெட்டியில போட்ட இன்னொண்ணு. அதுல வச்சதும் வத்தல் செவப்பு வத்தல் செவப்பா, தோலுல உள்ள சுருக்கம், காம்புகிட்ட உள்ள கருஞ்செவப்பு எல்லாம் தெரியுது. மஞ்சக்கிழங்கு வெட்டுன எடம் ஆரஞ்சா இருக்குன்னு அப்பத்தான் தெரியுது. ரெண்டுமே 3000தான், ரெண்டுமே வார்ம் ஒயிட்டுதான். சிஆர்ஐ ஒண்ணுதான் வித்தியாசம். இதை நான் கண்ணால பாக்கலன்னா நம்பிருக்க மாட்டேன்.

வாங்குனது சிஓபி ஸ்ட்ரிப்பு. சாதாரண ஸ்ட்ரிப்புல புள்ளி புள்ளியா எல்இடி தனித்தனியாத் தெரியும், இதுல நெருக்கமா வச்சு மேல ஒரே பூச்சா பூசிருப்பாவ, கோடு மாதிரி எரியும். எங்க மேடை கருப்பு கிரானைட்டு, பாலிஷ் போட்டது, புள்ளி ஸ்ட்ரிப்பு போட்டா நூறு நட்சத்திரம் கிரானைட்டுல தெரியும், கண்ணு கூசும். உங்க மேடை மேட்டா இருந்தா புள்ளி ஸ்ட்ரிப்பே போதும், காசு மிச்சம்.

கணக்கு இப்படி. எங்களுக்கு ரெண்டு பக்கமும் ஆறாறு அடி, மொத்தம் சுமார் 3.6 மீட்டர். ஸ்ட்ரிப்பு மீட்டருக்கு 8 வாட். பெருக்குனா 29 வாட்டு. 36 வாட் டிரைவர் போதும்னு நான் நெனச்சேன், அண்ணாச்சி வேண்டாம்னாவ. நம்ம ஊரு சூட்டுல கப்போர்டுக்கு மேல மூச்சு முட்டிக் கெடக்கிற டிரைவரை முழு பாரத்துல ஓட்டக்கூடாது, 60 வாட்டே போடுங்கன்னாவ. 12 வோல்ட் டிசி, உள்ள வாரது 170ல இருந்து 265 வோல்ட்டு வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. சிங்க் பக்கத்துக்கு மட்டும் மேல சிலிக்கோன் பூசுன, தண்ணி பட்டாலும் தாங்குற ஐபி65 ஸ்ட்ரிப்பு, அடுப்புப் பக்கம் தாளிப்புப் புகைக்கு ப்ரொஃபைலே போதும்னாவ.

ப்ரொஃபைல்னா அலுமினியச் சட்டம், மேல பால் வெள்ளையில பிளாஸ்டிக் மூடி. இது தேவையான்னு கேட்டேன், கூட 800 ரூவா ஆகுதே. அலுமினியம் சூட்டை வாங்கி வெளிய விடும், எல்இடி ரொம்ப நாள் உழைக்கும், பிசுக்குப் புடிச்சா துணியால ஒரு இழுப்பு இழுத்தா போதும்னாவ. ஸ்ட்ரிப்பு தனியா ஒட்டிருந்தா அதைத் துடைக்கவே முடியாது. எனக்கு இது பெரிய விஷயம், வாரத்துக்கு ஒருக்கா சோப்புத் தண்ணியில துணியைப் பிழிஞ்சு துடைச்சிருதேன்.

ப்ரொஃபைல் வாங்கும்போது நேரா இருக்கது, மூலைக்கு உள்ளதுன்னு ரெண்டு வகை. இதுல ஒண்ணு நான் வீட்டுல இருந்து யோசிச்சுக் கொண்டு போனது. எங்க அம்மைக்குக் கண்புரை ஆபரேசன் ஆயிருக்கு, நேரா லைட்டு கண்ணுல அடிச்சா தாங்க மாட்டாவ. அவிய நின்னு காய் வெட்டுறதே இல்ல, கீழ அருவாமணை போட்டு உக்காந்துதான் வெட்டுவாவ. நின்னு பாக்குறவங்களுக்கு கப்போர்டுக்கு அடியில உள்ள லைட்டு தெரியாது, தரையில உக்காந்து நிமுந்து பாத்தா அப்படியே கண்ணுக்குள்ள. பழைய ஹாலஜன்ல அம்மை முந்தானையைத் தலைக்கு மேல போட்டுக்கிட்டு வெட்டுவாவ, நான் வெக்கைக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதனால 45 டிகிரி சாஞ்ச மூலை ப்ரொஃபைல் வாங்கி, கப்போர்டோட முன் விளிம்புல உள்பக்கமா, முகம் சுவரைப் பாத்த மாதிரி வச்சோம். வெளிச்சம் மேடையிலயும் டைல்ஸ்லயும் விழுது, கீழ உக்காந்தா சட்டத்தோட முதுகுதான் தெரியும். வீட்டுல வயசானவங்க தரையில உக்காந்து வேலை பாக்குறாவன்னா இதை மறந்திராதிய. லைட்டைப் பின்னால சுவரோரமா வைக்கிறதும் தப்பு, நம்ம தலையும் கையும் இருக்க முன்பக்கம் இருட்டா இருக்கும்.

மாட்டுற வேலை வயரிங் தம்பி அரை நாள்ல முடிச்சாரு. பழைய டிரான்ஸ்பார்மர் ரெண்டையும் கழட்டுனா ஒண்ணோட வயரு மேல் தோலு மொறுமொறுன்னு அப்பளம் மாதிரி ஒடியுது. அதையெல்லாம் வெட்டிட்டுப் புது வயரு. ஸ்ட்ரிப்பை கத்திரிக்கோல் படம் போட்ட கோட்டுலதான் வெட்டணும், நடுவுல வெட்டுனா அந்தத் துண்டு எரியாது. பிளஸ் மைனஸ் மாறுனா எரியாது, அவ்வளவுதான், ஒண்ணும் கெட்டுப்போகாது, திருப்பிக் கொடுத்தா எரியும். ஆனா டிரைவர்ல 230 வார பக்கத்தையும் 12 போற பக்கத்தையும் மாத்திக் கொடுத்தா அதோட கதை முடிஞ்சுது, ஸ்ட்ரிப்பும் போகலாம், அதை ஆள் தெரிஞ்சவங்கள வச்சே செய்ங்க.

ஒரு எடத்துல மட்டும் மறுபடி செய்ய வேண்டி வந்துச்சு. மொதல்ல இடப்பக்க ஸ்ட்ரிப்போட வாலுல இருந்து மெல்லிசு வயரு எடுத்து சிம்னியைச் சுத்தி வலப்பக்கத்துக்குக் கொடுத்திருந்தாரு. எரியுது, ஆனா சிங்க் பக்கம் கடைசியில கொஞ்சம் மங்கலா இருக்க மாதிரி எனக்குத் தோணுச்சு. நான் சொன்னதும் தம்பி ஒண்ணும் மறுத்துப் பேசல, மீட்டரை வச்சுப் பாத்தாரு, டிரைவர்கிட்ட 12, கடைசியில 11.2. 230 வோல்ட்டுல முக்கால் வோல்ட்டு போனா யாருக்கும் தெரியாது, 12ல போனா கண்ணுக்குத் தெரியுது. "நீங்க சொன்னது சரிதாங்கா"ன்னு சொல்லிட்டு, டிரைவர்ல இருந்தே ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா கனமான வயரு இழுத்துக் கொடுத்தாரு. அதுக்குக் கூடக் காசும் கேக்கல. இந்த மாதிரி ஆளு கெடைக்கிறது பெரிய விஷயம்.

செலவு: ஸ்ட்ரிப்பு 950, டிரைவர் 650, ப்ரொஃபைல் 800, வயரு சில்லறை 150, கூலி 900. ஆக 3450 ரூவா. அதுக்கு முன்னால வீணாப் போனது 990.

கரண்ட் பில்லுல எவ்வளவு மிச்சம்னு எல்லாரும் கேக்காவ. உள்ளதைச் சொல்லுதேன். நாளைக்கு நாலு மணி நேரம் எரிஞ்சா ஹாலஜன் ரெண்டு மாசத்துக்கு 29 யூனிட்டு, இப்போ டிரைவரு தின்னுறதையும் சேத்து 8 யூனிட்டு. இருவது யூனிட்டு சொச்சம் மிச்சம். 500 யூனிட்டு எல்லையில நிக்கிற வீடா இருந்தா, தாண்டாம இருந்தாலே ரேட்டுல நல்ல வித்தியாசம் வரும், மத்தவங்களுக்கு இது ஒண்ணும் பெரிய காசு இல்ல. காசுக்காக மட்டும் மாத்துறதா இருந்தா அவசரம் வேண்டாம். சூடுக்காக மாத்துங்க. இப்போ ரெண்டு மணி நேரம் எரிஞ்ச பிறகு ப்ரொஃபைலைத் தொட்டா இளஞ்சூடு, அவ்வளவுதான். மேல் தட்டு பச்சைத் தண்ணி மாதிரி குளுந்து கெடக்கு. கருப்பட்டி டப்பா திரும்ப அதே எடத்துக்கு வந்தாச்சு.

எட்டு மாசம் ஆச்சு. ஆடிக் காத்துல கரண்டு ஏறி இறங்கி விளையாடுச்சு, முன்னாலன்னா ஹாலஜன் செவந்து செவந்து எரியும், இது அசையவே இல்ல. 30 வாட்டுதான்னு இன்வெர்ட்டர் லைன்ல கொடுத்துட்டோம், கரண்டு போனாலும் அடுக்களை வெளிச்சமா இருக்கு. ஐப்பசி மழையில ஈசல் வந்துச்சு, ஆனா கூல் ஒயிட்டு போட்டிருக்க ஹால் டியூப்லைட்டைத்தான் மொய்ச்சுது, இங்க கம்மி. டிரைவருக்கு ரெண்டு வருஷம் வாரண்டி, பில்லை டிரைவர் மேலயே ஒட்டி வச்சிருக்கேன். பெட்டியில 25,000 மணி நேரம்னு போட்டிருக்கு, ஸ்ட்ரிப்பு உழைச்சாலும் டிரைவருதான் மொதல்ல போகும்னு அண்ணாச்சி சொல்லிருக்காவ, அதனால கை எட்டுற மாதிரி, காத்துப் படுற மாதிரி வச்சிருக்கோம், மேல பழைய பேப்பரு துணி எதுவும் போடுறதில்ல.

கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு. ஸ்ட்ரிப்புக்கு நாலரை, ஏன்னா ஐபி65 துண்டு மேல சிலிக்கோன் இருக்கதால மத்ததை விட ஒரு சொட்டு நிறம் வேறயாத் தெரியுது, அதை முன்கூட்டியே சொல்லிருக்கலாம். டிரைவருக்கு அஞ்சு. வீணாப் போன ஆறு ஜி4 எல்இடியையும் தம்பி விடல, பூசை ரூம் மரக்கோயிலுக்குள்ள மூணைப் போட்டு இதே டிரைவர்ல இருந்து ஒரு லைன் கொடுத்திருக்காரு, 7.5 வாட்டுதானே, 60ல எடம் இருந்துச்சு. அங்கன ஒரு சிமிட்டல் இல்ல.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பழைய ஹாலஜன் இருந்த ஆறு வட்ட ஓட்டையும் கப்போர்டு அடியில அப்படியே வாயத் திறந்துக்கிட்டு இருக்கு, கரப்பான் ஏறிரும். இப்போதைக்கு செல்லோ டேப் ஒட்டிருக்கேன். அதே வெள்ளை மைக்காவுல மூடி வெட்டித் தாரேன்னு ஆசாரி அளவெடுத்துட்டுப் போயிருக்காவ, பழுப்பு வளையம் இருக்க தட்டையும் சேத்து மாத்தச் சொல்லிருக்கேன்.